இடம் அறியும் ரோபோவுக்கு ராஸ்பெரி பை குளோபல் ஷட்டர் கேமரா

சுவரில் ஒட்டிய ஏப்ரல்டேக் அட்டைகளை (க்யூஆர் குறி போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட சதுரங்கள்) பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடும் சிறு ரோபோவுக்கு, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இணைக்கும் இந்தக் கேமராவைத் தயங்காமல் வாங்கலாம். 2023 மார்ச்சில் 50 டாலர் விலையில் வெளிவந்தது. சோனி ஐஎம்எக்ஸ்296 சென்சார், 1456 × 1088 பிக்சல், நொடிக்கு 60 ஃபிரேம். 1.6 மெகாபிக்சல்தானே என்று ஒதுக்க வேண்டாம். ரோலிங் ஷட்டர் கேமரா வரிவரியாகப் பதிவதால், ரோபோ திரும்பும்போது சதுர அட்டை படத்தில் சாய்ந்து விழும். அதன் மூலைகளை வைத்துப் போடும் கணக்கும் சாயும். இதில் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் பதிவாகின்றன.

மங்கல் மட்டும் இதிலும் உண்டு. 6 மி.மீ. லென்ஸில் பார்வை அகலம் சுமார் 45 டிகிரி. ரோபோ நொடிக்கு 60 டிகிரி திரும்பினால் படம் நொடிக்கு 1,800 பிக்சல் ஓடும். எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்குச் சென்சார் ஒளி வாங்கும் நேரம், 10 மில்லிநொடியானால் 18 பிக்சல் இழுபட்டு அட்டையின் கட்டங்கள் கலந்துவிடும். 2 மில்லிநொடியில் நிறுத்துங்கள். 4 பிக்சலுக்குள் அடங்கும். அப்போது விளக்கின் துடிப்பு தலைகாட்டும்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால், 60 ஃபிரேமில் ஒரு படம் இருட்டாகவும் அடுத்தது பளிச்சென்றும் வரும். ஃபிரேம் வேகத்தை 50 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

16 செ.மீ. அட்டை 3 மீட்டர் தூரத்தில் 93 பிக்சல் அகலமே தெரியும். ஒரு பிக்சல் பிசகினால் தூரம் 3 செ.மீ. தவறும். 6 மீட்டரில் அதே பிசகு 13 செ.மீ. ஆகிறது. நீண்ட கூடத்துக்குப் பெரிய அட்டை கட்டாயம். அச்சடித்ததும் கறுப்பு ஓரத்தை அளவுகோலால் அளந்து, அந்த எண்ணையே நிரலில் கொடுங்கள். பிரிண்டர் 15.5 செ.மீ. ஆகச் சுருக்கியிருந்தால் 3 மீட்டர் தூரம் 3.10 மீட்டராகக் காட்டும். பளபள லேமினேஷன் வேண்டாம், வெளிச்சம் பட்ட இடத்தில் கட்டங்கள் மறைந்துவிடும்.

லென்ஸை இதற்கெனத் தனியாக வாங்க வேண்டும். கையால் ஃபோகஸ் செய்வது குறையல்ல, இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். ஆட்டோஃபோகஸ் நகரும்போதெல்லாம் காலிபரேஷன், அதாவது லென்ஸ் படத்தை எப்படி விழவைக்கிறது என்று அளந்து வைத்த கணக்கு, பிசகும். ஃபோகஸ் வளையத்தின் திருகை இறுக்கிய பிறகே காலிபரேஷனுக்கான சதுரங்கப் பலகைப் படங்களை, ஃபிரேமின் மூலைகள் உட்பட, 25 கோணங்களில் எடுங்கள். திருகு தளர்ந்து சக்கர அதிர்வில் வளையம் நகர்ந்தால் மீண்டும் முதலிலிருந்துதான்.

பை 5 வைத்திருப்பவர்கள் 15 பின்னிலிருந்து 22 பின்னுக்குப் போகும் கேபிளைச் சேர்த்து வாங்குங்கள். பழைய கேபிள் அதில் பொருந்தாது.