மேமோகிராம் சூப்பர், டாக்டர் பேச்சு தான் பத்தல – செக்கப் பேக்கேஜ் ரிவ்யூ

40 வயசு தாண்டின எல்லாரும் படிக்கட்டும்னு தான் எழுதறேன். கோயம்புத்தூர்ல ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம், அங்க லேடீஸ் செக்கப் பேக்கேஜ் எடுத்தேன், எனக்கு வயசு 46.

மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோய் இருக்கான்னு பாக்கற எக்ஸ்ரே, அத எடுத்த டெக்னீஷியன் அம்மாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க். உள்ள போனதுமே பவுடர், டியோடரண்ட் போட்டிருக்கீங்களான்னு கேட்டு ஈரத்துணி குடுத்து அக்குள் வரைக்கும் தொடைக்க சொன்னாங்க, இல்லன்னா படத்துல கால்சியம் புள்ளி (சில சமயம் புற்றுநோயோட அறிகுறியா இருக்கற வெள்ளைப் புள்ளி) மாதிரியே விழுந்து குழப்பிடுமாம். மேலருந்து ஒண்ணு, சாய்ச்சு ஒண்ணுன்னு ரெண்டு பக்கத்துக்கும் நாலு படம். பிளேட் அழுத்தறப்ப வலிக்குது தான், ஆனா சில செகண்ட்ல முடிஞ்சிடுது. பீரியட்ஸ் முடிஞ்ச வாரத்துல போனா வலி கம்மி, புக் பண்றப்பவே இத சொல்லியிருக்கலாம்.

டாக்டருக்கு ரெண்டு தான். குடும்பத்துல யாருக்காச்சும் மார்பகப் புற்றுநோய் இருந்துச்சான்னு கேக்கவே இல்ல, கட்டி இருக்கான்னு கையால தொட்டும் பாக்கல. நம்ம கவர்மெண்ட் 2016ல போட்ட வழிகாட்டுதலே 30லருந்து 65 வயசு வரைக்கும் 5 வருஷத்துக்கு ஒருக்கா கையால பாக்கணும்னு தான் சொல்லுது, மும்பை டாடா மெமோரியல்ல ஒன்றரை லட்சம் பெண்கள வெச்சு 20 வருஷம் பண்ண ஆராய்ச்சில 50 தாண்டினவங்க சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சதே இந்த கைப்பரிசோதனையால தான்.

ரிப்போர்ட்ல பைராட்ஸ் 2 (பயப்பட ஒண்ணும் இல்லங்கற கிரேடு), டென்சிட்டி சி (மார்பகத் திசு கொஞ்சம் அடர்த்தியா இருக்கு)ன்னு இருந்துச்சு. "நார்மல்மா, அடுத்த வருஷம் வாங்க"ன்னு முடிச்சிட்டாரு. அமெரிக்கால 2024லருந்து 40 முதல் 74 வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மேமோகிராம் எடுக்கணும்னு சொல்றாங்க, இங்கிலாந்துல 50க்கு மேல தான், அதுவும் மூணு வருஷத்துக்கு ஒருக்கா, அப்ப எனக்கு ஏன் சார் வருஷா வருஷம்னு கேட்டா "பேக்கேஜ்ல அப்படி தாம்மா"ங்கறாரு. எனக்கு மனசே ஆறல.

ரிப்போர்ட்ட தூக்கிட்டு வேற ஒரு லேடி சர்ஜன்கிட்ட போனேன். முதல் கேள்வியே குடும்பத்த பத்தி தான். சித்திக்கு 44ல வந்துச்சுன்னேன், அம்மா கூட பொறந்தவங்களா, ஜீன் டெஸ்ட் பண்ணாங்களான்னு கேட்டாங்க, உக்கார வெச்சு, படுக்க வெச்சு, அக்குள் கழுத்து எல்லாம் தொட்டு பாத்தாங்க. மார்பகம் டென்ஸா (அடர்த்தியா) இருந்தா படமே வெள்ளையா வரும், கட்டியும் வெள்ளை தான், மறைஞ்சிடும்னு சொல்லி ஒரு அல்ட்ராசவுண்டும் எழுதினாங்க. அவங்களும் இப்போதைக்கு வருஷா வருஷம் எடுங்கன்னு தான் சொன்னாங்க, ஆனா எதுக்குன்னு காரணம் சொன்னாங்க, 50 ஆனதும் மறுபடி பேசி முடிவு பண்ணலாம்னாங்க. அடுத்த தடவ படம் மட்டும் பழைய இடத்துல, டாக்டர் இவங்க தான். சித்தியோட பழைய பயாப்சி ரிப்போர்ட்ட கொண்டு வர சொல்லியிருக்காங்க, தேடிட்டு இருக்கோம்.