டர்பனில் பச்சோந்தி வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் வாயைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், வெருலம், டொங்காட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகள் பச்சோந்தி வேண்டும் என்று அடம்பிடிக்கிற வீடுகள் நாலைந்தாவது எனக்கே தெரியும். எங்கள் வீடும் அப்படித்தான். வீட்டுக் கொட்டகையில் வைத்து ஊர்வன விற்கும் ஒருவரிடம் பையனுக்கு ஓர் ஏமன் பச்சோந்தி வாங்கினோம். விற்கும்போதே அதன் கீழ்த்தாடை அழுகிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியும். அப்புறம் போன கிளினிக்கில் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் களிம்பு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் இருவர் பெயரையும் இங்கே போடவில்லை.

முதலில் வியாபாரி. மாலை இருட்டிய பிறகுதான் வரச் சொன்னார். கொட்டகையில் சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. "ராத்திரியில் வெள்ளை வெளிச்சம் ஆகாது அங்கிள், தூக்கம் கெடும்" என்றார். பச்சோந்திக்கு இரவில் எந்த வெளிச்சமும் தேவையில்லை, சிவப்பும் சேர்த்துத்தான். ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வாயோரம் சிவந்திருந்தால் யாருக்குத் தெரியும்? வலது பக்க உதடு கொஞ்சம் தடித்திருக்கிறதே என்று கேட்டதற்கு, "தோல் உரிக்கப் போகுது, அதான்" என்றார். வாய் லேசாகத் திறந்தே இருக்கிறதே என்றதற்கு, "சூடு அங்கிள்" என்றார். ஜூலை மாதக் குளிர்கால ராத்திரி, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு பூச்சி போட்டுக் காட்டுங்கள் என்றால், இப்போதுதான் சாப்பிட்டது என்கிறார். 1,800 ராண்ட். கூண்டு, விளக்கு, கால்சியம் பொடி என்று அவரே தலையில் கட்டியதையெல்லாம் சேர்த்தால் 4,000-ஐத் தாண்டியது.

அவர் சொன்ன எல்லாவற்றிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. பச்சோந்தி தோல் உரிப்பது உண்மை. ஆனால் உரியப்போகும் தோல் வெளுத்து, காய்ந்து, திட்டுத்திட்டாகத் தூக்கி நிற்கும். ஒரு பக்க உதடு மட்டும் வீங்காது. சூடு தாங்காமல் வாயைத் திறப்பதும் உண்மைதான். விளக்கிலிருந்து நகர்ந்து உடம்பு ஆறினால் தானாக மூடிக்கொள்ளும். குளிர்ந்த நேரத்திலும் திறந்தே இருந்தால், அதுவும் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூச்சில் டிக் டிக்கென்று சத்தம் வந்தால், நுரையீரலில் கோளாறு இருக்கலாம். மூச்சு சரியாக இருந்தும் தாடை ஒட்டாமல் நின்றால் வாயையும் தாடை எலும்பையும் சந்தேகப்படுங்கள். மிரட்டும்போதும் வாயைப் பிளக்கும். அது நமக்கு நல்லதே, டார்ச் அடித்து உள்ளே ஒரு படம் எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கதையே வேறு. பூச்சியைக் குறி பார்க்கும், கண் இரண்டும் முன்னால் வரும், வாய் திறக்கும், நாக்கு மட்டும் வராது. நல்ல பச்சோந்தியின் நாக்கு உடம்பின் நீளத்தைவிட அதிகமாகப் பாயும். இது பக்கத்தில் போய் உதட்டால் கவ்வி, இடது பக்கமாகவே மென்று, பாதியைக் கீழே போட்டது. எச்சில் நூலாக வடிந்தது. வாய் மூலையில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது, கிட்டப் போனால் நாற்றம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா இருக்குடா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தப் பழுப்பு விஷயத்தில் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். பச்சோந்தியின் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் மூலையில் சிறு பை போல ஒரு சுரப்பி உண்டு. அதிலிருந்து மெழுகு மாதிரி நாறும் பொருள் கொஞ்சம் வருவது இயல்பு. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இடம் புடைத்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பெரிதானாலோ, உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். நான் இப்போது யாருக்கும் சொல்வது இது: வாயின் இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இயற்கையான நிறப் புள்ளிகள் சிலவற்றுக்கு இருக்கும், அதில் ஏமாறலாம். இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லை என்றால் அதில் ஏமாறுவதற்கு ஒன்றுமில்லை.

கிளினிக்குக்கு வருவோம். "ஊர்வனவும் பார்க்கிறோம்" என்று பலகையில் எழுதியிருந்ததால்தான் போனோம். உள்ளே இருந்த உதவியாளர் பச்சோந்தியைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனிதருக்குச் சாவு இல்லை என்ற செய்தியைக் கடவுள் பச்சோந்தியிடம் கொடுத்து அனுப்பினார், அது வழியில் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்க, சாவு உண்டு என்ற செய்தியோடு பல்லி முந்திவிட்டது என்பது ஜூலு மக்களிடம் உள்ள பழைய கதை. பச்சோந்தி என்றாலே ஒதுங்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஆனால் டாக்டருக்கு என்ன? அவரும் வாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தோல் சிக்கியிருக்கிறது, வைட்டமின் குறைவு" என்று ஒரு ஊசி போட்டு, நாய்க்கும் பூனைக்கும் தடவும் ஒரு களிம்பைக் கொடுத்தார். எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று மனைவி கேட்டதற்கு, இவ்வளவு சின்ன பிராணிக்கா என்று சிரித்தார். 650 ராண்ட். களிம்பு தடவத் தடவ அது சாப்பிடுவதையே நிறுத்தியது. பின்னால் அதன் குழாயை வேறொரு டாக்டர் வாங்கிப் பார்த்து, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, கிருமி பரவிய வாயில் இதைத் தடவியே இருக்கக் கூடாது என்றார்.

அந்த வேறொரு டாக்டர் ஊர்வன மட்டுமே பார்ப்பவர். கொஞ்சம் தூரம்தான், ஆனால் போனது வீண் போகவில்லை. லேசாக மயக்க வாயு கொடுத்து, வாயைத் திறந்து, எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வலது கீழ்த்தாடையில் பல் வரிசையை ஒட்டி மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கட்டி. ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போல ஒழுகாது, கட்டியாக உறைந்து நிற்கும். அதனால் மருந்து மட்டும் கொடுத்தால் கரையாது, சுரண்டி எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் அந்த இடத்து எலும்பு அரித்திருந்தது. இது சில நாளில் வருவதல்ல, விற்பதற்கு வெகு முன்பே தொடங்கியது என்று எழுதியே கொடுத்தார். பச்சோந்தியின் பற்கள் தாடை எலும்போடு ஒட்டியே இருப்பவை, விழுந்தால் மறுபடி முளைக்காது. ஈறில் தொடங்கும் கிருமி எலும்புக்குள் போவதற்கு அதிக தூரமில்லை.

ஏன் வந்தது என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் அந்தக் கொட்டகையையே படம் பிடித்த மாதிரி இருந்தது. கம்பி வலையில் மூக்கையும் உதட்டையும் உரசிக் காயம், தண்ணீர் போதாமை, குளிர், வைட்டமின் ஏ குறைவு, இதில் ஏதோ ஒன்றோ எல்லாம் சேர்ந்தோ. உடம்புச் சூடு குறைந்தால் ஊர்வனவற்றின் எதிர்ப்புச் சக்தியும் சரியாக வேலை செய்யாது. எங்களுக்கு 'ரெப்டைல் பல்பு' என்று விற்ற சிவப்பு பல்பில் புற ஊதாக் கதிர் துளியும் இல்லை. யுவிபி எனப்படும் அந்தக் கதிர் இல்லாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் எலும்பில் போய்ச் சேராது, தாடை ரப்பர் போல வளையும். எங்களுடையது கொஞ்சம் வளைந்துமிருந்தது. கண்ணாடி ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நல்ல யுவிபி விளக்கும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் சக்தி இழக்கும், கண்ணுக்கு எரிகிற மாதிரியே தெரியும்.

சுரண்டி எடுத்ததில் கொஞ்சம் எலும்பும் வந்தது. சீழை லேபுக்கு அனுப்பி எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்த்த பிறகு செஃப்டாசிடைம் என்ற கிருமிக்கொல்லி ஊசி, மூன்று நாளைக்கு ஒரு முறை. டாக்டரே அளவு போட்டு நிரப்பிக் கொடுத்த சிரிஞ்சுகளை ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். வலி மருந்து தனி. அளவை இங்கே எழுதவில்லை, எடைக்குத் தக்க மாறும், கேட்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மஞ்சளும் தேனும் வைக்கச் சொன்னார். நல்ல மனசுதான், ஆனால் வாய்க்குள் எதையும் தடவாதீர்கள். வாயைப் பலவந்தமாகத் திறக்கவும் கூடாது. கால்சியம் இல்லாத தாடை கையோடு உடைந்துவிடும்.

பிழைத்துவிட்டது. தாடை ஒரு பக்கம் கோணல், நாக்கு இப்போதும் பாயாது, கிண்ணத்திலிருந்து சாப்பிடுகிறது. செலவு வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு.

டாக்டர் எழுதிக் கொடுத்ததோடு வியாபாரியிடம் போனேன். ரசீதின் கீழே 'விற்ற உயிர் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார். வேண்டுமானால் வேறு ஒன்று தருகிறேன் என்றார், அதே கொட்டகையிலிருந்து! 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56-ஆம் பிரிவுகளைப் படியுங்கள். வியாபாரமாக விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ரசீதில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் அது இல்லாமல் போகாது. நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். கிளினிக் பற்றிக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதினேன். அவர்கள் தொழில் நடத்தையைத்தான் விசாரிப்பார்கள், பணம் வாங்கித் தர மாட்டார்கள், பரவாயில்லை. அடைத்து வைத்த ஊர்வனவும் 1962-ஆம் வருட விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், அதனால் கொட்டகையின் நிலைமையை விலங்கு வதையைத் தடுக்கும் சங்கமான எஸ்பிசிஏ-விடமும் சொல்லியாயிற்று.

இன்னொன்று. வியாபாரியிடம் தாடை விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போதே, "இது வேண்டாம்னா தோட்டத்துல பிடிச்ச குட்டி இருக்கு, மலிவு" என்றார். நம் டர்பன் தோட்டங்களில் தென்படும் கறுப்புத்தலைக் குள்ளப் பச்சோந்தி இந்த மாகாணத்துக் காட்டுயிர். உரிமம் இல்லாமல் பிடிப்பதோ வைத்திருப்பதோ குற்றம், மாட்டுவது வாங்கியவரும்தான். ஏமன் பச்சோந்தியும், நாடுகளுக்கு இடையிலான காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. எங்கிருந்து வந்தது, என்ன தாள் இருக்கிறது என்று கேளுங்கள். நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் உரிமம் பற்றிய சந்தேகத்துக்கு, மாகாணக் காட்டுயிர்த் துறையான எஸெம்வேலோ அலுவலகத்தில் விசாரிக்கலாம். என்னிடம் அவர் எந்தத் தாளும் காட்டவில்லை.

அவரிடம் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதும் வாங்கிய அன்று எடுத்த படமும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.