கைக்குழந்தைக்கு எது ஒத்துவரும்: கடிகாரமா, அழுகையா, வரிசையா?

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால், பத்து மணிக்குத் தூக்கம் என்று மகள் செல்போனில் அலாரம் வைக்கிறார். "பிள்ளை அழுதா எடுத்துக் கொடேன், இதுல மணி என்ன மணி?" என்கிறார் அம்மா. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் பலர் வீட்டில் இந்த வாக்குவாதம் நடக்கிறது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு, ஆனால் குழந்தையின் வயதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடிகார முறை பழையது. நியூசிலாந்தில் 1907-இல் பிளங்கெட் சங்கம் என்ற தாய்-சேய் நல அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் பாலே கூடாது என்று வலியுறுத்தினார். தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தைக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. முதல் வாரங்களில் அது 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். அதுவும் சம இடைவெளியில் இல்லை. சாயங்காலம் அரை மணிக்கு ஒருமுறை கேட்கும், அப்புறம் அசந்து தூங்கும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இன்னும் மணி ஆகவில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் சுரப்பு குறையும்.

அந்த வயதிலும் கடிகாரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: பால் கொடுக்காமல் இருக்க அல்ல, கொடுப்பதற்கு. பிறந்த எடையை இன்னும் எட்டாத குழந்தை, குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலையில் சோர்ந்து கிடக்கும் குழந்தை ஆகியோர் பசித்தாலும் எழாமல் தூங்கிவிடலாம். மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பித்தான் ஊட்ட வேண்டும். அதற்கு அலாரம் நல்லது.

அடுத்தது, கேட்கும்போது கொடுப்பது. முதல் மூன்று மாதங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள், ஆனால் அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே குழந்தை தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடும், நாக்கை நீட்டும், கை முஷ்டியை வாய்க்குள் திணிக்கும். அப்போதே எடுத்துவிட்டால் நிதானமாகப் பிடித்துக் குடிக்கும். அழுது சிவந்த பிறகு மார்பில் வைத்தால் பிடிக்கவே திணறும்.

இதன் குறை நான்காவது மாதவாக்கில் தெரியும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்குவது தூக்கத்துக்கு. அதற்கும் பால் என்றால், இரண்டு வாய் குடித்துக் கண் மூடும், கொஞ்ச நேரத்தில் விழிக்கும், மறுபடி பால் கேட்கும். அம்மாவைத் தவிர யாராலும் தூங்க வைக்க முடியாது. அப்பாவோ பாட்டியோ கை கொடுக்க நினைத்தாலும் வழியில்லை.

அந்தக் கட்டத்துக்கு ஏற்றது மூன்றாவது வழி: நேரத்தை விட்டுவிட்டு வரிசையை மட்டும் பிடித்துக்கொள்வது. எழுந்ததும் பால், பிறகு விளையாட்டு, பிறகு தூக்கம். நடுவில் பசித்தால் கொடுக்கத்தான் வேண்டும். நான்கு மாதக் குழந்தையால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான் சேர்ந்தாற்போல் விழித்திருக்க முடியும், ஆறாவது மாதத்தில் அது இரண்டிலிருந்து மூன்று வரை போகும். காலைத் தூக்கம் அரை மணியில் கலைந்துவிட்டதா? சரி, அடுத்த தூக்கத்தை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். நாள் கெட்டுப்போகவில்லை.

நகர்த்தாமல் வைக்க வேண்டியவை இரண்டே: காலையில் ஜன்னலைத் திறந்து எழுப்பும் நேரம், இரவில் விளக்கைக் குறைத்துத் தாலாட்டும் நேரம். பகல் வேறு, இரவு வேறு என்று குழந்தையின் உடல் பழகுவதே வெளிச்சத்தை வைத்துத்தான். நடுவே கல்யாண வீடு, தடுப்பூசி, பஸ் பயணம் எது வந்தாலும் வரிசை தாங்கும். தாலாட்டும் பழைய புடவையும் போகிற இடத்துக்கு எல்லாம் கூடவே வரும். கடிகார அட்டவணை இங்கேதான் உடைகிறது, அம்மாவும் உடைந்துபோகிறார்.

26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்த வழி இன்னும் உதவும். குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் முழுநாள் அட்டவணையைக் கொடுக்காதீர்கள். கடைசியாக எப்போது குடித்தது, எப்போது எழுந்தது, தூக்கம் வந்தால் என்ன செய்யும் என்று மூன்று வரி எழுதிக் கொடுங்கள். சாயங்காலம் அதே தாளில் அவர்களையும் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.