முள் சீத்தா ஜூஸ் அருமை, இலைப் பொடியை வாங்காதீங்க

சிம்மக்கல் பக்கம் ஒரு பழக்கடையில் முள் சீத்தா ஜூஸ் போடுகிறார்கள். ஐஸைக் கொட்டி நீர்க்க வைக்காமல், புளிப்பும் இனிப்புமாக நல்ல கெட்டியாகத் தருகிறார்கள், விதையை ஒன்றுவிடாமல் எடுத்த பிறகுதான் மிக்ஸியில் போடுகிறார்கள். மதுரை வெயிலுக்கு அவ்வளவு சுகம். ஜூஸுக்கு 5க்கு 4.

ஆனால் கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள்: 'கீமோவை விட 10,000 மடங்கு சக்தி'. அதற்குக் கீழே இலைப் பொடி பாக்கெட். இந்த ரிவியூ எழுதுவதே அதற்காகத்தான்.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1996இல் வந்த ஓர் ஆய்வு. முள் சீத்தா விதையிலிருந்து பிரித்த ஒரே ஒரு சேர்மத்தை, ஆய்வகத்தில் வளர்த்த குடல் புற்றுநோய் செல்கள் மேல் போட்டு, அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்டார்கள். அதில் நோயாளியும் இல்லை, இலைப் பொடியும் இல்லை. முள் சீத்தா மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று இன்றுவரை எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை.

இதில் இருக்கும் அசிட்டோஜெனின் வகைச் சேர்மங்கள் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையே நிறுத்துகின்றன. புற்று செல், நல்ல செல் என்று பார்த்து நிறுத்துவதில்லை. நம் ஊரில் சீத்தா விதையை அரைத்துத் தலையில் தேய்த்தால் பேன் சாவதற்கும் இதே வகைதான் காரணம், கண்ணில் பட்டால் என்ன பாடு என்று பாட்டிகளுக்குத் தெரியும். கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு அதிகம் இருப்பதாக 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எப்போதாவது ஒரு ஜூஸ் வேறு, தினமும் காலையில் இலைப் பொடி வேறு.

செடியிலிருந்து மருந்தே வராது என்று சொல்லவில்லை. நம் தெருவோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். இலையைப் பறித்துத் தின்றால் விஷம்.

கடைக்காரரிடம் போர்டைக் கழற்றச் சொன்னேன், "நிறையப் பேர் வாங்குறாங்கண்ணே" என்றார். வாங்குகிறவர்கள் யார் என்பதுதான் என் வருத்தம். வீட்டில் யாருக்காவது கட்டி என்று சந்தேகம் இருந்தால் பொடியில் ஒரு மாதத்தைக்கூட வீணாக்காதீர்கள், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். கீமோ ஓடிக்கொண்டிருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

பொடிக்கு ஸ்டார் எதுவும் இல்லை.