1500 கலோரிக்குள் பசியை அடக்குவது: எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

கலோரிக் கணக்கு எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஒரு செயலி, ஒரு சமையலறைத் தராசு, ஒரு வாரப் பழக்கம் போதும். சிக்கல் மாலை நாலு மணிக்கு ஆரம்பிக்கிறது. காலையில் திடமாக இன்றைக்கு 1500 கலோரிதான் என்று எழுதிவைத்த ஆளும், வயிறு கபகபவென்று எரிய அலமாரியைத் திறந்து நிற்கும் நாலு மணி ஆளும் ஒரே ஆள் என்று சொன்னால் நம்ப முடியாது.

அந்த நாலு மணி ஆளைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். தட்டைக் காய்கறியால் நிரப்பு, புரதத்தைக் கூட்டு, ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடு, இல்லை ஒரு வேளையை விட்டுவிடு, கடுங்காபி குடி. கையிருப்பு சின்னது என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. ஒன்றுக்குச் செலவழித்தால் இன்னொன்றில் குறையும். ஏழெட்டு மாதம் 1500-ஐ ஒட்டிச் சாப்பிட்டதில் இவை எல்லாவற்றையும் முயன்று பார்த்திருக்கிறேன். ஆய்வுகள் சொன்னது சில இடங்களில் என் வயிறு சொன்னதோடு ஒத்துப்போனது, சில இடங்களில் ஒத்துப்போகவில்லை.

நிறையச் சாப்பிடுவதா, கெட்டியாகச் சாப்பிடுவதா

உண்மையான போட்டி இதுதான்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதே 120 கலோரிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் வெள்ளரிக்காய் தின்னலாம், அல்லது 140 கிராம் அளவுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு. கலோரி குறைந்த, தண்ணீர் நிறைந்த உணவால் வயிற்றை நிரப்பு என்ற கட்சி இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1999-இல் வெளியான அவருடைய சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கோழி, அரிசி, காய்கறி கலந்த ஓர் உணவைச் சில பெண்களுக்கு ஒரு நாள் அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதோடு ஒரு டம்ளர் தண்ணீர். வேறொரு நாள் அதே பொருள்களையும் அதே தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து சூப்பாக. கலோரி மூன்றிலும் ஒன்றுதான். சூப் குடித்த நாளில் அவர்கள் அடுத்து வந்த மதியச் சாப்பாட்டில் ஏறக்குறைய 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளில் எந்த மாற்றமும் இல்லை. "பசித்தால் தண்ணீர் குடி" என்ற அறிவுரை ஏன் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பது இதைப் படித்த அன்றைக்குத்தான் புரிந்தது.

எதிர்க்கட்சி புரதம். 2005-இல் வந்த ஓர் ஆய்வில் 19 பேருக்குப் புரதத்தின் பங்கை மொத்தக் கலோரியில் 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தினார்கள். கொழுப்பை அந்த அளவுக்குக் குறைத்தார்கள். பிறகு வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். யாரும் கட்டுப்படுத்தாமலே ஒரு நாளைக்குச் சராசரியாக 441 கலோரி குறைந்தது. இதில் கொழுப்புக் குறைந்ததன் பங்கும் இருக்கலாம். ஆனாலும் சாதாரண எண் இல்லை இது. போதாததற்கு, புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடுகிறது. மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம்தான்.

சரி, இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம். 400 கலோரியில் இரண்டு இரவு உணவு.

முதல் தட்டு: அரைக் கிலோ அளவுக்கு முட்டைக்கோஸ், வெள்ளரி, தக்காளி, ஒரு பெரிய கிண்ணம் தெளிந்த காய்கறி சூப், இரண்டு துண்டு ரொட்டி, ஒரு ஆப்பிள். எடை ஒரு கிலோவைத் தாண்டும். சாப்பிட அரைமணி நேரம் ஆகும், தாடை வலிக்கும், எழும்போது இடுப்புப் பட்டையைத் தளர்த்த வேண்டியிருக்கும். எட்டரைக்கு உலகமே திருப்தியாகத் தெரியும். பத்தே முக்காலுக்கு, நிரம்பிய தொட்டி அடைப்பானைப் பிடுங்கியது போல வடிந்துவிடும்.

இரண்டாவது தட்டு: 200 கிராம் வெள்ளை மீன், 150 கிராம் உருளைக்கிழங்கு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஓரத்தில் கொஞ்சம் வெள்ளரி. பன்னிரண்டு நிமிஷத்தில் தட்டு காலி. "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றமாக இருக்கும். எட்டரைக்கு நிச்சயம் திருப்தி இல்லை. ஆனால் பத்தே முக்காலுக்குப் பசி என்ற நினைப்பே வராது.

காய்கறி வயிற்றின் சுவரை விரிக்கிறது. அந்தச் செய்தி மூளைக்கு உடனே போகிறது, வயிறு காலியானதும் நின்றுபோகிறது. புரதம் மெதுவாக வேலை செய்து நீண்ட நேரம் நிற்கிறது. இரண்டும் இரண்டு வேறு பசிகளுக்கு மருந்து. உட்கார்ந்த இடத்தில் நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறவருக்கு முதல் தட்டு. சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கொறிக்கிறவருக்கு இரண்டாவது. நான் இரண்டாவது ரகம். இரண்டில் ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்தினால் கண்ணை மூடிக்கொண்டு புரதத்தைத் தேர்ந்தெடுப்பேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் முதலில் 60 கலோரிக்கு சூப், அப்புறம் அந்த மீன் தட்டில் எண்ணெயையும் கொஞ்சம் கிழங்கையும் குறைத்து.

இந்த இடத்தில் உருளைக்கிழங்குக்கு ஆதரவாக ஒரு வார்த்தை. டயட் என்றதும் முதலில் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவது அதுதான். சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஆளுக்கு 240 கலோரி கணக்கில் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசியை அளந்து 1995-இல் பட்டியல் வெளியிட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், வேகவைத்த உருளைக்கிழங்கு 323. மீன் 225, ஆப்பிள் 197, முட்டை 150, வேர்க்கடலை 84, கேக் 65. கடைசி இடம் குரோசான்: 47. அதாவது ஒரே கலோரிக்கு வெண்ணெய் மடித்த அந்த ரொட்டியைவிட உருளைக்கிழங்கு ஏழு மடங்கு அடக்குகிறது. வேகவைத்தால்தான், பொரித்தால் கதையே வேறு. ஒன்றை மறக்கக் கூடாது: இது இரண்டு மணி நேரப் பந்தயம். நான்கு மணி நேரம் ஓடவிட்டிருந்தால் முட்டை இந்த அளவுக்குப் பின்தங்கியிருக்குமா என்பது என் சந்தேகம்.

மெல்வதா, குடிப்பதா

இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. 2009-இல் ரோல்ஸின் ஆய்வகமே முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு மூன்றையும் ஒரே கலோரியில் மதியச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்துப் பார்த்தது. முழு ஆப்பிள் தின்றவர்கள், அந்த ஆப்பிளின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஒன்றும் தின்னாத நாளைவிட 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். கூழ் நடுவில். சாறு கடைசியில், நார்ச்சத்து சேர்த்துக் கொடுத்தபோதும். சின்ன பட்ஜெட்டில் கலோரியைக் குடிப்பது காசை ஆற்றில் போடுவது. சூப் மட்டும் விதிவிலக்கு. அதைக் கரண்டியால் எடுத்து நிதானமாகச் சாப்பிடுகிறோம் என்பதாலோ என்னவோ.

டயட் பார் என்று விற்கும் இனிப்புக் கட்டிகளையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். 200 கலோரி, நாலு கடி, முடிந்தது. அதே 200-க்கு இரண்டு அவித்த முட்டையும் ஒரு சின்ன ஆப்பிளும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் நடத்திய சோதனையில், 20 பேர் இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் சாப்பிட்டார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரு பக்கமும் ஒன்றே. பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது தினமும் 500 கலோரி அளவுக்கு அதிகம் உள்ளே போனது, வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

ஆறு வேளையா, மூன்றா, இரண்டா

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் பசியே வராது என்று நானும் நம்பினேன். 1500-ஐ ஆறால் வகுத்தால் வேளைக்கு 250. ஒவ்வொரு வேளையும் ஆரம்பித்ததும் முடிந்துவிடும். ஒரு நாளில் ஆறு முறை பசியைத் தட்டி எழுப்பி, ஆறு முறையும் பாதியில் எழுந்து வந்தேன். 2013-இல் ஒரு சின்ன ஆய்வும் இதையே சொன்னது: மூன்று வேளையைவிட ஆறு வேளையில் பசியும் சாப்பிடும் ஆசையும் கூடியிருந்தன. எடை குறைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வேறு ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன.

ஒரு வேளையை விடுவது முதல் வாரம் கொடுமை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ஏறுகிறது. சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்குகிறது. எனவே பசி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போவதில்லை, அலை போல வந்து போகிறது. இது தெரிந்த பிறகு அரைமணி நேரம் தாக்குப்பிடிப்பது சுலபமாயிற்று. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவதால் எடை கூடுதலாகக் குறையுமா என்றால், 139 பேரை ஓராண்டு தொடர்ந்த 2022 ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வசதிக்காகச் செய்யலாம், மாயம் எதிர்பார்க்க வேண்டாம்.

எத்தனை வேளை என்பதைவிட எந்த வேளை பெரிது என்பதுதான் முக்கியம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேரை வைத்து நடத்திய 2022 ஆய்வில், காலையில் அதிகம் சாப்பிட்டாலும் இரவில் அதிகம் சாப்பிட்டாலும் எடை ஒரே அளவே குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்ட நாள்களில் நாள் முழுவதும் பசி குறைவு. படித்ததும் காலைக்கு 650 ஒதுக்கினேன். பகல் அருமையாகப் போனது. இரவு வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது என் பங்கில் 300 மட்டும் மிச்சம். மூன்றாவது நாளே கணக்கு உடைந்தது. அந்த ஆய்வில் சாப்பாட்டை அவர்களே அளந்து கொடுத்துவிட்டார்கள். எனக்கு யார் அளந்து கொடுப்பது? பசி சராசரியாகக் குறைவாக இருப்பது வேறு, நான் உடையும் நேரத்தில் குறைவாக இருப்பது வேறு. இப்போது காலை 300, மதியம் 450, நாலு மணிக்கு 200, இரவு 550.

காபி, சூயிங் கம், இன்ன பிற

கடன் வாங்குவது போன்றது. உதவும், ஆனால் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ், பட்டினியின் விளைவை அறிய, 36 இளைஞர்களை ஏறக்குறைய 1570 கலோரியில் ஆறு மாதம் வைத்திருந்தார். அவர்களுக்கு அது வழக்கமான சாப்பாட்டில் பாதிதான், நடையும் நிறைய. காபியும் சூயிங் கமும் எல்லை மீறிப் போய், அளவு வைக்க வேண்டியதாயிற்று. சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டே கிடந்தார்கள். சாப்பாட்டு வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள், ஐந்தாவது காபி உள்ளே போகிறது என்றால், கோளாறு உத்தியில் இல்லை, பட்ஜெட்டில். 1500 என்பது குள்ளமான, உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஓரளவு நியாயம். உயரமான, ஓடியாடுகிறவருக்குப் பட்டினி. 200 கூட்டினால் போகும் பசிக்கு நூறு தந்திரம் தேடுவானேன்? 800-க்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இறங்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் இந்த விளையாட்டை மருத்துவரோடு சேர்ந்துதான் ஆட வேண்டும்.

தூக்கம்

இதைப் போட்டியில் சேர்ப்பது நியாயமில்லைதான், ஒரு கலோரிகூடச் செலவில்லை. 2004-இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது, பத்து மணி நேரம் படுத்த நாள்களைவிடக் கிரெலின் 28 சதவீதம் கூடியது, பசி 24 சதவீதம் கூடியது. நான் எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் அளந்துகொண்டிருந்த நாள்களில் ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன். பதினொரு மணிக்குப் படுக்க ஆரம்பித்தேன். பத்தே முக்கால் பசிக்கு அதற்கப்புறம் கால் மணி நேரம்தான் ஆயுள்.