செட்டிநாட்டு வீடுகளில் நின்றிருக்கும் கிளாசிக் வண்டிகள்: வாங்கி ஓட்டிய அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய பாணி மோட்டார் சைக்கிள் தேடுகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சென்னையிலோ வெளிநாட்டிலோ தொழில் செய்கிற குடும்பங்கள், கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் ஊருக்கு வரும்போது சுற்றிவர ஒரு புல்லட்டையோ ஜாவாவையோ வாங்கி நிறுத்திவிட்டுப் போகின்றன. சில வருடம் கழித்து அது விற்பனைக்கு வரும்போது மீட்டர் நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர்தான் காட்டும். 2015ஆம் ஆண்டு பதிவான, மீட்டரில் 4,300 காட்டிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்றை 2020இல் பள்ளத்தூரில் வாங்கி, இன்றுவரை அன்றாட வேலைக்கும் நெடும்பயணத்துக்கும் அதையே ஓட்டிவருகிறேன். இத்தகைய வண்டிக்கு விலை பேசும்போது, எவ்வளவு ஓடியது என்பதைவிட எவ்வளவு காலம், எந்த நிலையில் நின்றது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விற்ற வீட்டு ஆச்சி நல்ல மனத்தோடு சொன்ன ஒன்றை அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கலாம். "மகன் வந்தா எடுப்பான் தம்பி, மத்த நாள் மூடித்தான் கெடக்கும். ஆனா வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட விட்டுருவோம்." அக்கறையோடு செய்கிற இந்தக் காரியம் வண்டிக்குக் கெடுதல். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை ஓடினால்தான் அது வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கி, சைலன்சரை உள்ளிருந்தே துருவாக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்துக்கொண்ட மின்சாரத்தையும் நின்ற இடத்திலேயே ஓடவிடுகிற அந்தச் சிறிது நேர ஐட்லிங் பேட்டரிக்கு முழுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடிப்பக்கம் வெளிறிய பசைபோல் ஏதாவது ஒட்டியிருந்தால், அந்த எஞ்சின் சூடு ஏறாமலேயே பலமுறை அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் நாற்றம் வந்தால் பெட்ரோல் கெட்டு நாளாகிவிட்டது. டார்ச் அடித்து, பெட்ரோல் மட்டத்துக்கு மேலே தெரிகிற தகட்டைப் பார்க்க வேண்டும்; பாதி டேங்க்கோடு நிறுத்திய வண்டியில் காற்றுப் படுகிற அந்த மேல் பகுதியில்தான் துரு பிடிக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சோதனையின் அவசியம் கூடியிருக்கிறது. என் வண்டியின் டேங்க் சுத்தமாக இருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றியபோதோ, அதில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பழுப்புப் பிசின் படிந்திருந்தது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறிய ஜெட்டின் துளை வெளிச்சத்தில் பிடித்தாலும் ஊடே தெரியாத அளவுக்கு அடைத்திருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் தாள் துணுக்கும் கொண்டு எலி கூடு கட்டியிருந்தது. பூட்டிய வீடுகளில் எலி இருக்கும், ஆகவே சீட்டைக் கழற்றி வயரிங்கைப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும், ஐந்தாறு வருடம் நின்ற ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், மழையில் பிடிப்பு இருக்காது. ஸ்போக் சக்கரம் என்றால் டியூபையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயில் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அதுவும் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் வெளியேறாமல் அடைக்கிற ரப்பர் சீல் காய்ந்திருந்தால், ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் ஆயில் கசியும். டயர், டியூப், பேட்டரி, செயின் செட், ஃபோர்க் சீல், ஆயில் எல்லாம் சேர்த்து எனக்குச் சுமார் 15,000 ரூபாய் ஆனது. அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேட்டேன், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

மீட்டர் காட்டும் எண்ணை வேறு சாட்சிகளோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். இந்தத் தலைமுறை வண்டியில் முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிள்தான் மீட்டரைச் சுற்றுகிறது. கேபிள் அறுந்த நிலையில் எவ்வளவு ஓடினாலும் எண் ஏறாது. கியர் லீவர் ரப்பர், ஃபுட்ரெஸ்ட், செயின் ஓடும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பல், பிரேக் டிஸ்க் விளிம்பு ஆகியவற்றின் தேய்மானமும் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டரும் ஒத்துப்போனால் சரி. நீங்கள் போகும்முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்து, போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள் என்று பொருள். பேட்டரி ஓரளவு இறங்கியிருந்தாலும் கிக்கர் உள்ள வண்டியைப் பெரும்பாலும் அங்கேயே சோதித்துவிடலாம். 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இல் கிக்கர் இல்லை என்பதால், அதைப் பார்க்கப் போகிறவர்கள் நல்ல பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

ஆவண விஷயத்தில், உரிமையாளர் ஊரில் இல்லாததுதான் சிக்கல். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே கையெழுத்திட வேண்டும். அவர் ஊருக்கு வரும் நாள்வரை காத்திருந்து, நேரில் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுத்தேன். கடன் போட்டு வாங்கிய வண்டியானால் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்குவதற்கான 35ஆம் படிவமும் வேண்டும். 15 ஆண்டுப் பதிவுக் காலம் எப்போது முடிகிறது என்பதையும், காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய முதல் சில மாதங்கள் பொறுமை வேண்டியிருந்தது. ஒரு கசிவை நிறுத்தினால் இன்னொன்று தலைகாட்டியது. பிறகு வண்டி சீரானது. குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி வரை காலையில் போய்வருவதற்கும், தொண்டிக் கடற்கரைக்குப் போவதற்கும் இதைவிட மனத்துக்கு ஒத்த வண்டி எனக்கு வேறில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதன் ஓட்டம் அவ்வளவு நிதானமாக இருக்கிறது. ஆனாலும், இருபதாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, காலாகாலத்தில் சர்வீஸ் ஆன வண்டி இதே விலைக்குக் கிடைத்தால், முதல் வண்டி வாங்குகிற ஒருவரை அதைத்தான் எடுக்கச் சொல்வேன். நின்ற வண்டி, நல்ல மெக்கானிக்கும் கையில் கொஞ்சம் பணமும் உள்ளவர்களுக்கே ஏற்றது.

இப்போது நான் வெளியூரில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தால், புறப்படும் முன் டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிடுகிறேன். பேட்டரி வயரைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, சைலன்சர் வாயைத் துணியால் அடைக்கிறேன். வீட்டில் இருப்பவர்களிடம், நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போகிறேன்.