சோதனைச் சேவையகத்தில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ நல்லதா, ‘என்பிஎம் சிஐ’ நல்லதா?

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் சார்ந்த திட்டத்தில், தானியங்குச் சோதனைகளுக்கு முன் மாட்யூல்களை, அதாவது திட்டத்துக்குத் தேவையான நிரல் தொகுப்புகளை நிறுவ, என்பிஎம் என்ற தொகுப்பு மேலாண்மைக் கருவியின் இவ்விரு கட்டளைகளும் பயன்படுகின்றன.

‘இன்ஸ்டால்’ நெகிழ்வானது. தேவையான மாட்யூல்களைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ஒரு மாட்யூலுக்கு ^4.17.0 என்று இருந்தால், 5.0.0-க்குக் கீழான எந்தப் புதிய பதிப்பும் அதற்குப் பொருந்தும். நிறுவ வேண்டிய துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு இருந்தால் அதில் குறித்த பதிப்பையே எடுக்கும் என்றாலும், இரு கோப்புகளும் முரண்பட்டால் லாக் கோப்பைத் தானே திருத்திக்கொண்டு மேலே செல்லும். உருவாக்குநரின் கணினியில் இது வசதிதான். சோதனைச் சேவையகத்தில் இதை நான் ஏற்கமாட்டேன். ஏனெனில், திட்டத்தின் களஞ்சியத்திலுள்ள லாக் கோப்பில் இல்லாத ஒரு பதிப்புத் தொகுப்பின் மீது சோதனை தேறியிருக்கும்.

2018இல் அறிமுகமான ‘சிஐ’ அத்தகைய முரண்பாட்டைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். லாக் கோப்பே இல்லையென்றாலும் ஓடாது. இரு கோப்புகளிலும் எதையும் எழுதாது. முன்பு நிறுவிய மாட்யூல்கள் இருக்கும் பழைய நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டே நிறுவத் தொடங்கும். ஆகவே அந்தக் கோப்புறையைச் சேமித்து வைத்து நேரத்தை மிச்சப்படுத்த முடியாது. பதிவிறக்கிய தொகுப்புகளை வைத்திருக்கும் என்பிஎம்மின் தற்காலிகச் சேமிப்பைத்தான் ஓட்டங்களுக்கு இடையே பாதுகாக்க வேண்டும்.

செயலிகளுக்குச் ‘சிஐ’ போதும். பிறர் பயன்படுத்த வெளியிடும் நூலகமென்றால், பேக்கேஜ் லாக் கோப்பு வெளியீட்டில் சேராது என்பதால் பயனருக்கு வரம்புக்குள் உள்ள புதிய பதிப்புகளே கிடைக்கும். அந்த நிலையைச் சோதிக்க, லாக் கோப்பைப் புறக்கணிக்கும் விருப்பத்துடன் ‘இன்ஸ்டால்’ ஓட்டம் ஒன்றையும் தனியே வைத்தாக வேண்டும்.